17 அங்குல விசிறி: தேங்காய்ப்பட்டணம் வாயில் திணறிய ஒரு பாய்மரப் படகு

தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தின் வாயைப் பற்றி நம் குமரி மாவட்டத்து மீனவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் இடம் அது. மணல் மேடு கட்டுகிறது. மேட்டில் ஏறும் அலை மடிந்து உடைகிறது. படகுகள் கவிழ்ந்திருக்கின்றன, உயிர்கள் போயிருக்கின்றன. கள்ளக்கடல் (உள்ளூரில் காற்றில்லாமலே திடீரென எழும் பேரலை) எச்சரிக்கை முடிந்த இரண்டாம் நாள், ஓர் ஏப்ரல் காலையில், அந்த வாய் வழியாக 34 அடிப் பாய்மரப் படகு ஒன்று வெளியேற முயன்றது. பாயை இறக்கிக் கட்டிவிட்டு, எஞ்சினை மட்டும் நம்பி வந்தார்கள்.

மூன்றாவது அலையில் படகு ஏறக்குறைய நின்றுபோனது. உரிமையாளர் த்ராட்டிலைக் கடைசிவரை தள்ளினார். எஞ்சின் சத்தம் கனத்ததே தவிரச் சுற்று ஏறவில்லை. படகின் பின்முனையான அமரத்தின் பின்னால் கரும்புகை. வெப்ப எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது. முன்முனையான அணியம் விலகிப் படகு அலைதடுப்புச் சுவர்ப் பக்கமாக ஒதுங்கியபோது, பின்னால் வந்த ஃபைபர் வள்ளத்தார் கயிறு எறிந்து, அணியத்தை நேராக்கி, வெளிக்கடல் வரை இழுத்துக்கொண்டுபோய் விட்டார்கள்.

யாருக்கும் காயமில்லை. கயிற்றை அவிழ்க்கும்போது அந்த வள்ளத்துப் பெரியவர் ஒன்றே ஒன்று சொன்னாராம்: “இந்த எஞ்சின் தூக்க முடியாததைத் தூக்குகிறது.” அது சரிதான் என்று நான் ஒப்புக்கொள்ள மூன்று வாரம் பிடித்தது. தூக்க முடியாததை அதன் தலையில் ஏற்றிவைத்தவன் நான்தான்.

படகும் முறையீடும்

நான் குளச்சலில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்ப்பவன். உரிமையாளர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். கப்பலில் தலைமை எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். எனக்கு அண்ணன் முறை. கொச்சியில் பழைய படகாக வாங்கி, வருடத்தில் நான்கைந்து மாதம் கொச்சி, விழிஞ்ஞம், குளச்சல், குமரி முனை சுற்றித் தூத்துக்குடி என்று போய்வருவார். கூடப் போவது அவர் மனைவி, எனக்கு மைனி. ரேடியோவில் பேசுவதும் டீசல் அளப்பதும் அவர் பொறுப்பு. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். அந்த நோட்டு இல்லையென்றால் இந்த ஆய்வே இல்லை.

படகின் கணக்கு இது. நீர்மட்டத்தில் நீளம் 28 அடி. சாமான், தண்ணீர், டீசல் எல்லாம் ஏற்றிய நிலையில் எடை 5.8 டன். நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் வரும் 7.1 நாட்தான் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), தண்ணீரை விலக்கிக்கொண்டே ஓடும் உடல் கொண்ட இப்படிப்பட்ட படகுக்கு இயல்பான மேல்எல்லை. அதற்கு மேல் தள்ளினால் தன் அலையைத் தானே ஏற வேண்டியிருக்கும். எஞ்சின் மூன்று சிலிண்டர் டீசல், நிமிடத்துக்கு 3,600 சுற்றில் 29 குதிரைத்திறன். கியர் 2.6:1. ஆக முழு வேகத்தில் விசிறித் தண்டு நிமிடத்துக்கு 1,385 சுற்று சுற்ற வேண்டும். புரொப்பெல்லரைத்தான் விசிறி என்கிறேன்.

முறையீடுகள் நான்கு. புகை, படகின் பின்பலகை முழுக்கக் கரி. ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் அடுப்படித் தட்டில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும் நடுக்கம். எதிர்காற்றில் அரைமணி நேரம் தள்ளினால் வெப்பம் ஏறுவது. நான்காவதாக, பாயில் போகும்போது படகு சோம்பலாக இருக்கிறது என்ற வருத்தம். முதல் மூன்றையும் எஞ்சினின் தலையில் போட்டு, ஒரு பட்டறையில் இன்ஜெக்டர்களை இருமுறை கழற்றிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். நான்காவதற்கு அண்ணன் தாமாகவே மருந்து கண்டுபிடித்திருந்தார்: வெளிநாட்டிலிருந்து, பாயில் போகும்போது இலைகள் குவிந்துகொள்ளும் ஒரு மடங்கும் விசிறி வரவழைப்பது. விலை விசாரித்து, பணமும் ஒதுக்கிவிட்டார்.

“பொருள் வந்ததும் நீ மாட்டிக் கொடுத்தால் போதும், தம்பி” என்றார்.

மைனி நோட்டை என் முன்னால் வைத்தார். “அதற்கு முன் இதைப் பார். எனக்கு ஒன்று புரியவில்லை.”

நோட்டில் இருந்த முரண்

நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில், அமைதியான கடலில் முழு த்ராட்டிலில்: 3,600 சுற்று, 6.9 நாட். அப்போது இருந்த விசிறி 16×11. முதல் எண் விசிறி சுற்றும் வட்டத்தின் குறுக்களவு, அங்குலத்தில். இரண்டாவது பிட்ச்: மரத்தில் திருகாணி ஏறுவதுபோல, வழுக்காத ஊடகத்தில் விசிறி ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு.

அதன் பிறகு குமரி முனைக்குத் தெற்கே, கடலில் யாரோ விட்டுப்போன வலை ஒன்று அந்த விசிறியில் சுற்றி ஓர் இலையை வளைத்துவிட்டது. மாற்று வாங்கும்போது அண்ணன் எனக்குத் தொலைபேசியில் பேசினார். என்ன அளவு போடலாம் என்று கேட்டார். அன்று ஒரு விசைப்படகின் கியர்பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டிருந்தேன். “17×12 போடுங்கள், அண்ணே. பெரிய விசிறி நன்றாக இழுக்கும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கொச்சிக் கடையில் அந்த அளவு கையிருப்பிலும் இருந்தது. எல்லாம் கூடிவந்தது என்று அன்று நினைத்தோம்.

புது விசிறிக்குப் பிந்தைய பக்கங்களில் முழு த்ராட்டில்: 3,500 சுற்று, 6.5 நாட்.

மைனிக்குப் புரியாதது இதுதான். குறுக்களவும் கூடியிருக்கிறது, பிட்சும் கூடியிருக்கிறது. சுற்று நூறுதான் குறைந்திருக்கிறது. அப்படியானால் வேகம் ஏற வேண்டும், இறங்கியிருக்கிறதே?

கேள்வியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்த்தால் அதன் பலம் தெரியும். ஒரே மாதிரி இலை கொண்ட விசிறிகள் ஒரே சுற்றில் உறிஞ்சும் திறன், குறுக்களவின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்து ஏறுகிறது. பதினாறு பதினேழானால் அதுவே 35 சதவீதம் கூடுதல். பிட்ச் கூடியதையும் சேர்த்தால் 40 சதவீதத்துக்குப் பக்கம் வரும். 29 குதிரைத்திறன் எஞ்சின் அந்த விசிறியை 3,500 வரை சுற்ற வேண்டுமானால் 37 குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும். இல்லாத திறனை எஞ்சின் எங்கிருந்து கொடுக்கும்? கொடுத்ததாகவே வைத்துக்கொண்டாலும், படகு ஏன் மெதுவாகப் போகிறது?

எண்களில் ஒன்று பொய் சொல்கிறது. வேகம் ஜி.பி.எஸ். சொன்னது. மீதி இருந்தது ஆர்.பி.எம். மீட்டர்.

அண்ணன் இதை உடனே ஏற்கவில்லை. “முப்பது வருடம் மீட்டரைப் பார்த்துக் கப்பல் ஓட்டியவன் நான்” என்றார். அதில் நியாயமும் உண்டு. கப்பலில் ஒரு சுற்றை மூன்று இடத்தில் காட்டுவார்கள். ஒன்று பிசகினால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும். சின்னப் படகில் ஒரே ஒரு மீட்டர்.

அளந்து பார்த்தது

முதலில் கியர். பெயர்த்தகட்டை நம்பாமல், இன்ஜெக்டர்களைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றினோம். கிராங்க் (எஞ்சினின் சொந்தத் தண்டு) புல்லியில் சுண்ணாம்புக் கோடு ஒன்று, விசிறித் தண்டில் கோடு ஒன்று. புல்லி 26 சுற்று வந்தபோது தண்டு 10 சுற்று வந்தது. கியர் நேர்மையானது.

அடுத்து, கிராங்க் புல்லியில் ஒளி எதிரொலிக்கும் ஒட்டுத்துண்டு ஒன்றை ஒட்டி, ஒளி பட்டு எண்ணும் கைமீட்டரை அதன்மேல் பிடித்தேன். குளச்சலுக்கு வெளியே, அலையில்லாத நேரத்தில், முழு த்ராட்டில். படகின் மீட்டரில் 3,500. கையில் 3,050.

காரணம் அரைமணி நேரத்தில் கிடைத்தது. இந்த எஞ்சினில் ஆர்.பி.எம். மீட்டர் கிராங்கை எண்ணுவதில்லை; எஞ்சின் சுற்றி மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் துடிப்பை எண்ணிக் கணக்குப் போடுகிறது. விசிறி மாற்றிய அதே மாதத்தில், அதே கரையேற்றத்தில், பழுதான ஆல்டர்னேட்டரையும் மாற்றியிருக்கிறார்கள். பழையதன் புல்லி 71 மில்லிமீட்டர், புதியதன் புல்லி 62. சின்ன புல்லி வேகமாகச் சுற்றும். மீட்டர் 15 சதவீதம் கூட்டிச் சொல்லும். இரண்டு வேலையும் ஒரே வாரத்தில் நடந்ததால், பெரிய விசிறி மாட்டிய படகில் உண்மையான சுற்று ஒரு நாள்கூட யார் கண்ணிலும் படவில்லை. இப்படி ஒரு தற்செயலை நானாக யோசித்துச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

3,050 என்ற எண் வந்தவுடன் மற்றவை தாமாகப் பொருந்திவிட்டன. டீசல் எஞ்சினின் முறுக்குவிசை இந்தப் பகுதியில் ஏறக்குறைய சமமாக இருக்கிறது. விசிறி கேட்கும் முறுக்குவிசை சுற்றின் வர்க்கமாக ஏறுகிறது. 40 சதவீதம் கூடுதலாகக் கேட்கும் விசிறியை மாட்டினால் எஞ்சின் தன் உச்சச் சுற்றில் 85 சதவீதம் அருகில் முட்டி நிற்க வேண்டும். 3,600 இல் 85 சதவீதம் 3,060. கணக்கும் கைமீட்டரும் பத்துச் சுற்றுக்குள் ஒத்துப்போவது எனக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. எஞ்சின் முட்டிய பிறகும் த்ராட்டில் டீசலை ஊற்றிக்கொண்டே இருக்கும். எரியக் காற்று போதாத டீசல் கரியாகிப் பின்பலகையில் படிகிறது. இன்ஜெக்டரில் ஒரு குறையும் இல்லை.

துறைமுகத்துக்குள் இன்னொரு சோதனையும் செய்தோம். படகைத் துறைத்தூணில் கட்டி, இடையில் ஒரு டன் தொங்குதராசு மாட்டி (பழைய இரும்புக் கடையில் இரவல்), முழு த்ராட்டில் கொடுத்தோம். படகு நகராதபோது விசிறி இன்னும் கனக்கும். கைமீட்டரில் 2,690. தராசில் 265 கிலோ. ஒன்றரை நிமிடத்தில் வெப்ப மணி அடித்தது. தேங்காய்ப்பட்டணம் வாயில் அலை படகை நிறுத்தியபோது நடந்தது ஏறக்குறைய இதுதான்.

என் அறிவுரை எங்கே பிழைத்தது

“பெரிய விசிறி நன்றாக இழுக்கும்” என்பது பொய் அல்ல. விசைப்படகுக்காரர்களிடையே அது அனுபவ உண்மை. ஒரே திறனைக் கொண்டு நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதைவிட லாபம். மடிவலை இழுக்கும் படகு இரண்டு மூன்று நாட் வேகத்தில்தான் நாள் முழுக்க நகர்கிறது. அதற்குப் பெரிய விசிறி, மெதுவான தண்டு. ஆனால் அந்தத் தண்டை மெதுவாக்குவது ஆழமான கியர். அதே எஞ்சின் சுற்றுக்குத் தண்டு இன்னும் மெதுவாகச் சுற்றும்போதுதான் பெரிய விசிறியை எஞ்சின் தாங்கும்.

அண்ணனிடம் நான் கியரைப் பற்றிக் கேட்கவேயில்லை. 2.6 கியரோடு 17 அங்குலத்தைச் சேர்த்தால், எஞ்சின் தன் திறன் பிறக்கும் சுற்றுக்கு ஏறவே முடியாது. 29 குதிரைத்திறன் இருந்த இடத்தில் 25 தான் கிடைத்துக்கொண்டிருந்தது. வாயில் முட்டி நின்றபோது 22 கூட இல்லை. நான் சொன்னது ஒரு வாக்கியத்தின் முதல் பாதி. மறு பாதியைக் கேட்காமல் அண்ணன் விசிறி வாங்கினார். சொல்லாமல் விட்டது நான்.

பெரிய விசிறிக்கு ஒரு நல்ல குணமும் இருந்தது, அதையும் எழுதிவிட வேண்டும். அமைதியான கடலில் 5.5 நாட் வேகத்தில் அது குறைந்த சுற்றில் சத்தமில்லாமல் ஓடியது, டீசலும் மிச்சம். மூன்று வருடம் இந்தக் குறை வெளியே வராததற்கு இதுவும் ஒரு காரணம். சுகமான நாளில் எந்த விசிறியும் நல்ல விசிறிதான்.

என்ன அளவு

மூன்று இலை விசிறியின் குறுக்களவுக்குப் படகு வடிவமைப்பாளர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் ஒரு சூத்திரம் உண்டு: குதிரைத்திறனின் 0.2 அடுக்கை 632.7 ஆல் பெருக்கி, தண்டின் சுற்றுடைய 0.6 அடுக்கால் வகுக்க வேண்டும். 29 குதிரைத்திறன், 1,385 சுற்று என்று போட்டால் 16.2 அங்குலம் வருகிறது.

பிட்சுக்குக் கணக்கு இன்னும் எளிது. பிட்சைத் தண்டின் சுற்றால் பெருக்கி 1,215 ஆல் வகுத்தால், தண்ணீர் வழுக்காவிட்டால் படகு போகும் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். ஒரு கடல் மைலில் ஏறக்குறைய 72,913 அங்குலம். அதை 60 நிமிடத்தால் வகுத்ததே இந்த 1,215. தண்ணீர் வழுக்கும். கனமான பாய்மரப் படகில் 45 சதவீத வழுக்கல் சாதாரணம். 6.6 நாட் வேகத்தைக் குறிவைத்தால் பத்தரை அங்குலம் வருகிறது. கடையில் பத்தும் கிடைக்கும், பதினொன்றும் கிடைக்கும்.

ஆக, இரண்டு நாள் கணக்குப் போட்டு நாங்கள் வந்து சேர்ந்த இடம், படகைக் கட்டியவர்கள் முதலிலேயே மாட்டி அனுப்பிய 16×11. மைனி ஒன்றும் சொல்லவில்லை. டீ ஊற்றிக் கொடுத்தார்.

குறுக்களவுக்கு இன்னொரு சாட்சியும் இருந்தது. தண்டின் நடுவிலிருந்து படகின் அடிவயிறு 250 மில்லிமீட்டர். 17 அங்குல விசிறியின் இலைநுனிக்கும் அடிவயிற்றுக்கும் நடுவே 34 மில்லிமீட்டர்தான், குறுக்களவில் 8 சதவீதம். குறைந்தது 10 சதவீதமாவது வேண்டும். நெருக்கமாக இருந்தால் ஒவ்வொரு இலையும் கடக்கும்போது தண்ணீர் அடிப்பலகையைக் குத்தும். டம்ளர்கள் பாடுவது அதனால்தான் என்று சந்தேகப்பட்டேன். 16 அங்குலத்துக்கு 47 மில்லிமீட்டர் கிடைக்கிறது.

பழைய பதினேழையே கடைந்து பதினாறாக்கலாமே என்று அண்ணன் கேட்டார். செய்யலாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வெட்டுப்படுவது இலையின் நுனிப் பகுதி. பிட்சையும் திருப்ப வேண்டும். பிறகு மூன்று இலையையும் எடைச் சமன் பார்க்க வேண்டும். விசிறியின் ஓர் இலையைச் சுரண்டியபோது உள்ளே செம்பு நிறத்தில் ரோஜாச் சாயல் தெரிந்தது. மாங்கனீஸ் வெண்கலம் என்ற பெயரில் விற்பது உண்மையில் துத்தநாகம் நிறைந்த பித்தளை. பாதுகாப்புத் துத்தநாகக் கட்டி தேய்ந்து தீர்ந்த பிறகு, கடல்நீர் உலோகத்திலிருந்தே துத்தநாகத்தைத் தின்னத் தொடங்கும். அந்தச் சாயல் கண்டபின் அதன்மேல் கூலி செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. புதியதை நிக்கல் அலுமினிய வெண்கலத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன்.

மடங்கும் விசிறி ஏன் வேண்டாம் என்றேன்

இதில்தான் உண்மையான வாக்குவாதம் நடந்தது. நான் சொன்னதே முழுச் சரி என்று இன்றும் எனக்கு உறுதியில்லை.

பாயில் போகும்போது, சுற்றாமல் நிற்கும் மூன்று இலை நிலைவிசிறி தண்ணீரில் இழுபடும் ஒரு பலகை. 16 அங்குல விசிறி பூட்டிய நிலையில் 5 நாட் வேகத்தில் ஏறக்குறைய 27 கிலோ எடைக்குச் சமமாகப் பின்னுக்கு இழுக்கும் என்று கணக்குச் சொல்கிறது. மெல்லிய காற்றில் அரை நாட் வேகம் அதிலேயே போய்விடும். மடங்கும் விசிறியின் இலைகள் எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீரின் போக்கில் மொட்டுப்போலப் பின்னால் குவிந்துகொள்ளும். தண்டு சுற்றினால் சுழல்விசையில் விரியும். இன்னொரு வகை, இலைகளை விசிறியின் நடுக்குடத்துக்குள் இருக்கும் பற்சக்கரத்தால் திருப்பி, கத்தி விளிம்பைப்போல ஓட்டத்துக்கு நேராக நிறுத்துவது. இரண்டிலும் இழுவை மிகச் சொற்பம். பாய் விரித்து வாரக்கணக்கில் நீண்ட கடல் கடப்பவர்கள் இவற்றுக்குப் பணம் கொடுப்பது வீண்செலவு அல்ல.

ஆனால் அண்ணனின் படகு கிடப்பது எங்கே? வருடத்தில் பாதி நாள் ஓரிடத்தில் கட்டிக்கிடக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மாதத்தில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் கடல் சிற்றுயிர்) அப்பிவிடும். நிலைவிசிறியில் அதைச் சுரண்டிவிடலாம். கீல் மூட்டுக்குள்ளும் பற்சக்கர இடுக்கிலும் ஒட்டினால் ஓர் இலை விரிந்து ஓர் இலை விரியாமல் நிற்கும், தண்டு உதறும். போகும் வழியெல்லாம் வலை, கயிறு, மிதவை. இலை வளைந்தால் நாகர்கோவில் லேத்தில் தட்டி நிமிர்த்த முடியாது. பாகத்துக்கு வெளிநாட்டுக்கு எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் பின்னோட்டம். மடங்கும் விசிறி பின்னோட்டத்தில் தன்னை மூடிக்கொள்ளப் பார்க்கும் தண்ணீரோடு மல்லுக்கட்டியே தள்ள வேண்டும். துறைமுகத்துக்குள் இருபது விசைப்படகுகளின் நடுவே 5.8 டன்னை நிறுத்த வேண்டியவர் அதை யோசிக்க வேண்டும். இலை திருப்பும் வகை பின்னோட்டத்தில் நல்ல பலம் காட்டும், ஒப்புக்கொள்கிறேன். அதன் விலைக்கு அண்ணன் ஒரு முழுத் தொகுதிப் பாய் தைக்கலாம். பழைய பாயின் வயிறு தொங்கிப்போயிருப்பதைப் பார்த்தால் அரை நாட் அங்கேயே கிடைக்கும் என்று தோன்றுகிறது.

“என் பாயைக் குறை சொல்லாதே” என்றார் அண்ணன்.

அவருக்கு நான் கொடுத்த சமாதானம் வேறொன்று. பாயில் போகும்போது அவர் கியரைப் பின்னோட்டத்தில் போட்டுத் தண்டைப் பூட்டிவைப்பார். சுற்றும் விசிறி அதிகம் இழுக்கும், பூட்டியதே நல்லது என்பது பல மாலுமிகளின் பழைய நம்பிக்கை. 2008 இல் வெளிவந்த ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழக ஆய்வு அதை அளந்து பார்த்து மறுத்திருக்கிறது: நிலைவிசிறியைச் சுதந்திரமாகச் சுற்றவிட்டால் இழுவை கணிசமாகக் குறைகிறது. தண்டின் உராய்வு குறைவாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

படித்துச் சொன்னால் அண்ணன் நம்பமாட்டார். ஏலக்கூடத்தில் மீன் நிறுக்கும் நூறு கிலோத் தொங்குதராசை வாங்கி, படகுக்கும் ஒரு வள்ளத்துக்கும் நடுவே கயிற்றில் மாட்டி, 4 நாட் வேகத்தில் இழுக்கச் சொன்னோம். தராசின் எண் நிலையாக நிற்கவில்லை; மைனி இருபது எண்களை எழுதிச் சராசரி எடுத்தார். தண்டு பூட்டியிருந்தபோது 50 கிலோ. கியரை நடுநிலைக்கு மாற்றியபோது 42. இது ஆய்வகம் அல்ல, கடல். இருந்தாலும் எட்டுக் கிலோ கண்ணுக்குத் தெரிந்தது. கியர்பெட்டியின் கையேட்டைப் பார்த்து, எஞ்சின் நின்றிருக்கும்போது தண்டு சுற்றுவதை அதைச் செய்தவர்கள் அனுமதிப்பதையும் உறுதிசெய்துகொண்டோம். எல்லாக் கியர்பெட்டிக்கும் இது பொருந்தாது: எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் பம்பு ஓடும் என்ற அமைப்பில் தண்டைச் சும்மா சுற்றவிட்டால் பேரிங் வறண்டு கருகும்.

மாட்டிய கதை

மே மாதத்துக்குள் முடித்தாக வேண்டியிருந்தது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். குளச்சலில் அப்போது கிரேனும் கிடைக்காது, லேத்தும் கிடைக்காது, நானும் கிடைக்கமாட்டேன். குமரி முனைக்குப் பக்கத்துச் சின்னமுட்டத்தில் கிழக்குக் கரைத் தடை ஏப்ரல் 15 இலேயே தொடங்கிவிட்டதால் அங்கேயும் கரையெல்லாம் படகு. ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரேன் பிடித்துப் படகைத் தூக்கி, பனந்தடிகளால் முட்டுக் கொடுத்து நிறுத்தினோம்.

புது விசிறியின் குடத்துளை தண்டின் கூம்போடு சரியாக உட்கார வேண்டும். கூம்பில் நீலச்சாயம் பூசி மாட்டிக் கழற்றிப் பார்த்தால், அகன்ற முனையில் மட்டும் சாயம் ஒட்டியிருந்தது. அப்படியே இறுக்கியிருந்தால் ஒரு வருடத்தில் தண்டு அங்கே விரிசல் கண்டிருக்கும். சாவியை (தண்டும் விசிறியும் ஒன்றாகச் சுற்ற நடுவே செருகும் உலோகக் கட்டை) கழற்றி வைத்துவிட்டு, வால்வு தேய்க்கும் பசையால் விசிறியைத் தண்டின்மேலேயே கையால் தேய்த்து உட்காரவைத்தோம். முக்கால் பங்குக்கு மேல் சாயம் ஒட்டும்வரை இரண்டரை மணி நேரம். பிறகு சாவியை வைத்தபோது விசிறி கூம்பில் ஏறவில்லை. சாவியின் முதுகு தட்டியது. கோட்டாற்றில் ஒரு லேத்காரர் சாவியின் முதுகில் ஒரு நூல் அளவு சீவிக்கொடுத்தார். சாவி பக்கங்களில்தான் பிடிக்க வேண்டும். முதுகில் முட்டினால் விசிறி கூம்பில் உட்காராமல் சாவியின்மேல் உட்காரும்.

தண்டின் ரப்பர் பேரிங்கும் தேய்ந்திருந்தது, மாற்றினோம். புதிய துத்தநாகக் கட்டி போட்டோம். ஆர்.பி.எம். மீட்டரின் பின்புறத் திருகைத் திருப்பிக் கைமீட்டரோடு ஒத்துவைத்தோம்.

பிறகு அளந்தது

காலை ஐந்தரை மணி, குளச்சலுக்கு வெளியே, போக ஒருமுறை வர ஒருமுறை ஓடிச் சராசரி எடுத்தோம். முழு த்ராட்டிலில் 3,560 சுற்று, 6.8 நாட். பின்பலகையில் வெள்ளைத் துணியைக் கட்டிவைத்திருந்தார் மைனி. சாம்பல் நிறம்கூட ஏறவில்லை.

வேகத்தில் ஏறியது 0.3 நாட்தான். அண்ணன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. தன் அலைக்குப் பக்கத்தில் ஓடும் படகுக்கு எத்தனை திறன் கொடுத்தாலும் அவ்வளவுதான் ஏறும். துறைத்தூணில் கட்டிப் பார்த்தபோது வித்தியாசம் புரிந்தது: 3,170 சுற்று, 295 கிலோ. தள்ளும் விசையில் பதினொரு சதவீதம் கூடுதல். ஐந்து நிமிடம் வைத்திருந்தோம், வெப்ப மணி அடிக்கவில்லை. முன்பு ஒன்றரை நிமிடத்தில் அடித்த மணி. என் கணக்கில் இந்த ஆய்வின் முக்கியமான எண் வேகமல்ல, அந்த மூன்றரை நிமிடம்.

டம்ளர்களின் நடுக்கம் ஏறக்குறைய நின்றுவிட்டது. அதற்கு நுனி இடைவெளி காரணமா, புது பேரிங் காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டோம். ஆல்டர்னேட்டரையும் விசிறியையும் சேர்த்து மாற்றியதைக் குறை சொன்ன நானே அதைச் செய்தேன். டீசல் செலவு குறையவில்லை. 5.5 நாட் வேகத்தில் மணிக்குக் கால் லிட்டர் கூடியிருப்பதாக மைனியின் நோட்டு சொல்கிறது. பெரிய விசிறியின் அந்த நல்ல குணத்தை இழந்தோம்.

ஒரு புதுத் தொல்லையும் வந்திருக்கிறது. நடுநிலையில் விட்ட தண்டு இரவில் முனகுகிறதாம். 5 நாட் வேகத்துக்கு மேல் பாய் இழுக்கும்போது, படுக்கைக்கு நேர் கீழே. அண்ணன் தூங்கிவிடுகிறார். மைனி எழுந்துபோய்க் கியரைப் பின்னோட்டத்தில் போட்டுவிட்டு வந்து படுக்கிறாராம். எட்டுக் கிலோ போகட்டும் என்கிறார்.

ஆகஸ்டில் கச்சான் (மேல்காற்று) தணிந்த ஒரு வாரத்தில் தேங்காய்ப்பட்டணம் வாயை மறுபடி கடந்தார்கள். அன்று அலை ஏப்ரலில் இருந்த அளவு இல்லை. அதனால் அதை ஒரு நிரூபணமாக நான் எழுதப்போவதில்லை.

கடைசியாகப் படகுக்குப் போனபோது மைனியின் நோட்டைப் புரட்டினேன். மூன்று வருடத்துப் பக்கங்களில் 3,500 என்று இருந்த இடங்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்து 3,050 என்று திருத்தியிருந்தார். விசிறி வாங்கிய நாளின் பக்கத்தில், 17×12 என்ற எண்ணுக்கு நேரே, பழைய நீல மையில் எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் திருத்தாமல் விட்டிருந்தார்: “குளச்சல் தம்பி சொன்னது.”